மூளை ஸ்கேனும் ஒரு சின்னக் கணக்கும்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்றால் கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் எடுப்பது என்று தான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1995-ல் ஜெர்மனியைச் சேர்ந்த டாக்டர் கியோர்க் பெக்கரும் அவரது குழுவினரும், பார்கின்சன் நோயாளிகளின் மூளையில் அதே ஸ்கேன் ஒரு அடையாளத்தைக் காட்டுவதாக எழுதினார்கள். காதுக்கு முன்னால் எலும்பு மெல்லியதாக உள்ள இடத்தில் கருவியை வைத்துப் பார்த்தால், நடுமூளையில் இருக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதி வழக்கத்தை விட வெளிச்சமாகத் தெரிகிறது. நோயாளிகளில் ஏறத்தாழ 10-ல் 9 பேருக்கு இது உண்டு.

கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, செலவும் குறைவு. அப்படியானால் அறுபது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் இதை எடுத்துவிட்டால் என்ன? நோயை முன்பே பிடித்துவிடலாமே! இப்படிக் கேட்பவர்கள் ஒரு எண்ணை மறந்துவிடுகிறார்கள். ஆரோக்கியமானவர்களிலும் சுமார் 10-ல் ஒருவருக்கு இதே வெளிச்சம் தெரிகிறது.

இனி கணக்கைப் போடுவோம். அறுபதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1000 பேரில் நோயாளிகள் 10 பேர். அதில் 9 பேருக்கு அடையாளம் தெரியும். மீதி 990 பேரில் 99 பேருக்கும் தெரியும். ஆக மொத்தம் 108 பேர். அதில் உண்மையான நோயாளிகள் வெறும் 9 பேர்! மற்ற 99 பேரும் வீட்டுக்குக் கொண்டு போவது பயத்தை மட்டும் தான்.

"முன்கூட்டியே தெரிந்தால் நல்லது தானே?" என்பார்கள். தெரிந்து என்ன செய்வது? லெவோடோபா போன்ற மருந்துகள் அறிகுறிகளைக் குறைக்கின்றன. ஆனால் நோயின் வளர்ச்சியை நிறுத்துவதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்று வரை இல்லை.

அதற்காக இந்த ஸ்கேனே வீண் என்று ஒதுக்குபவர்கள் சொல்வதும் சரியல்ல. கை நடுங்குகிறது, அது பார்கின்சனா அல்லது எசென்ஷியல் ட்ரெமர் என்ற வேறு வகை நடுக்கமா என்று டாக்டருக்கே சந்தேகம் வரும் நேரங்கள் உண்டு. சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் இதற்கு விடை சொல்லாது. அப்படிச் சந்தேகத்தோடு வரும் 100 பேரில் 50 பேருக்கு நோய் இருந்தால், அதே விகிதப்படி அடையாளம் தெரியும் 50 பேரில் 45 பேர் உண்மையான நோயாளிகள். கருவி அதே தான், யாருக்கு எடுக்கிறோம் என்பது தான் மாறியிருக்கிறது.

குறைகளும் உண்டு. சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, எலும்பு தடித்திருப்பதால் படமே கிடைக்காது. ஸ்கேன் எடுப்பவருக்கு நல்ல பயிற்சி வேண்டும். நோய் முற்றினாலும் வெளிச்சம் பெரிதாக மாறாது என்பதால், நோய் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று இதை வைத்து அளக்கவும் முடியாது.

1817-ல் ஜேம்ஸ் பார்கின்சன் விவரித்தது 6 பேரை. அதில் சிலரை அவர் தெருவில் பார்த்தது மட்டுமே. இன்றும் அசைவுகள் மெதுவாவதையும் விறைப்பையும் நடுக்கத்தையும் கவனித்துத் தான் டாக்டர் முடிவு செய்கிறார். ஸ்கேன் அவருக்குத் துணையாக இருக்கட்டும். பரிசோதனைப் பேக்கேஜில் இன்னொரு வரியாகச் சேர்த்து நல்ல உடம்போடு இருப்பவர்களிடம் விற்கும் சரக்காக வேண்டாம்.