குழந்தைகளுக்கு மட்டும் ஏன் கெடு?

2007 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் சொத்தைப் பல்லால் உயிரிழந்தான். 80 டாலர் செலவில் பிடுங்கியிருக்க வேண்டிய பல் அது. சீழ் மூளையை எட்டிய பின் இருமுறை அறுவை செய்தும் பயனில்லை. மருத்துவமனைச் செலவோ 2 இலட்சம் டாலரைக் கடந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவி அக்குடும்பத்துக்கு இடையில் அறுபட்டிருந்தது. அது இருந்த காலத்திலும், அதை ஏற்கும் பல் மருத்துவர்கள் அரிதாகவே இருந்தனர்.

அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கும் சட்டமுன்வடிவை அதிபர் ஜார்ஜ் புஷ் தம் தடுப்பதிகாரத்தால் நிறுத்தினார். ஏழையர் உதவிக்குத் தகுதி பெறாத, தனியார் காப்பீட்டை வாங்கவும் வழியற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1997இல் பிறந்த திட்டம் அது. சனநாயகக் கட்சியின் எட்வர்டு கென்னடியும் குடியரசுக் கட்சியின் ஓரின் ஹேட்சும் கைகோத்து முன்னின்று நிறைவேற்றியது. அதற்கு 5 ஆண்டுகளில் மேலும் 3,500 கோடி டாலர் வேண்டுமென்றது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ். 500 கோடி போதுமென்றார் அதிபர். சிகரெட்டுப் பெட்டி ஒன்றுக்கு 39 சென்டாக இருந்த வரியை ஒரு டாலராக்கிப் பணம் திரட்டுவது என்பது ஏற்பாடு. பிள்ளைகளின் உடல்நலத்தைப் புகைப்போரின் பழக்கத்தில் கட்டிவைக்கும் இவ்வேற்பாடு விந்தையானதே. புகை குறையக் குறைய வருவாயும் குறையும்.

அதிபரின் வாதம் முற்றிலும் வெறுமையானதன்று. அரசு காப்பீடு விரிந்தால், தனியார் காப்பீட்டில் உள்ளோரிலும் ஒரு பகுதியினர் அதை விட்டு இங்கே வந்துவிடுவர் என்றார். காங்கிரசின் வரவுசெலவுத் திட்ட அலுவலகமே அதை மறுக்கவில்லை. வறுமைக்கோட்டைப் போல் 4 மடங்கு வருமானம் உள்ள குடும்பங்களையும் சேர்க்க நியூயார்க் மாநிலம் விரும்பியது அவர் தரப்புக்கு வலுவூட்டியது. ஆயினும், அமெரிக்காவில் எவருக்கும் மருத்துவம் கிட்டும், அவசரப் பிரிவுக்குப் போனால் போதும் என்று அந்த ஜூலையில் கிளீவ்லாந்தில் அவர் கூறியதை ஏற்பதற்கில்லை. அவசரப் பிரிவு எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்ற சட்டம் 1986 முதல் இருப்பது மெய்யே. ஆனால், சொத்தைப் பல்லை உரிய வேளையில் பிடுங்குவது அவசரப் பிரிவின் வேலையன்று. மூளையில் சீழ் கட்டிய பின்னரே அதன் கதவு திறக்கிறது.

தடுப்பை மீற வேண்டிய மூன்றில் இரு பங்கு வாக்குகள் பிரதிநிதிகள் சபையில் கிட்டவில்லை. 273க்கு 156 என முயற்சி தோற்றது. டிசம்பரில் இரண்டாம் முன்வடிவையும் அதிபர் அவ்வாறே தடுத்து நிறுத்தினார். 2009 பிப்ரவரி 4ஆம் நாள் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட பின்னரே விரிவாக்கம் கைகூடிற்று. பல் மருத்துவமும் அப்போதுதான் கட்டாயமாயிற்று.

அதனோடு வழக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2017இல் இத்திட்டத்தை வெளிப்படையாக எதிர்ப்பாரே இல்லை. இரு கட்சிகளும் வாழ்த்தின. ஆயினும், பிற பேரங்களோடு அதைப் பிணைத்து, செப்டம்பர் 30ஆம் நாள் நிதியொதுக்கீடு காலாவதியாக விட்டனர். இடையே ஒட்டுப்போட்ட சிறு தொகை தவிர, ஏறத்தாழ 4 மாதம் விடையில்லை. திட்டத்தில் இருந்த குழந்தைகளோ சுமார் 90 இலட்சம். காப்பீடு நின்றுபோகலாம் என்ற எச்சரிக்கைக் கடிதங்கள் கொலராடோவிலும் வர்ஜீனியாவிலும் குடும்பங்களுக்குச் சென்றன. மாதந்தோறும் மருந்து வாங்கித் தீரவேண்டிய பிள்ளையின் தாய்க்கு அக்கடிதம் என்ன பொருள் தந்திருக்கும் என்பதை வாஷிங்டனில் எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும், திட்டத்தை 10 ஆண்டுகள் நீட்டித்தால் அரசுக்கு 600 கோடி டாலர் மிச்சமாகும் என்பதே வரவுசெலவுத் திட்ட அலுவலகத்தின் கணிப்பு. அக்குழந்தைகளை வேறு மானியக் காப்பீட்டுக்கு மாற்றுவதே கூடுதல் செலவு.

முதியோருக்கான மெடிகேர் 1965இல் சட்டமானது. அதற்கு இத்தகைய காலக்கெடு கிடையாது. விதிக்கத் துணியும் அரசியலாளரும் இல்லை, ஏனெனில் முதியோர் வாக்களிக்கின்றனர். குழந்தைகளின் காப்பீட்டுக்கோ ஒவ்வொரு முறையும் காங்கிரசின் கருணை வேண்டியிருக்கிறது. இப்போதைய ஒப்புதல் 2029 நிதியாண்டோடு முடிகிறது. அதற்கு முன்பே கெடுவை நீக்கி, இத்திட்டத்தை நிலையான உரிமையாக்குவது காங்கிரசின் கடமை. இன்னொரு கடைசி நேரப் பேரத்துக்கு அதை விட்டுவைக்கலாகாது.