எல்லாம் வாசிக்கிறவனுக்கு ஒண்டும் தெரியாதா?

"எல்லாத்தையும் வாசிக்கப் போறவன் ஒண்டையும் உருப்படியா வாசிக்கமாட்டான்." எங்கட பக்கம் கிட்டார் தூக்குற பொடியன்களுக்கு முதல்ல கிடைக்கிற புத்திமதி இதுதான். நாங்கள் இதை ஏற்கவில்லை. ஏன் என்று கேட்டால், பிரசன்னாவைக் கேட்டுப் பாருங்க என்போம்.

ராணிப்பேட்டைக்காரர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தவர். கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசித்தவர், பொஸ்டனில் பேர்க்லி இசைக் கல்லூரியிலும் படித்தார். 2006இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' வந்தது. 2011இல் பியானோவில் விஜய் ஐயர், தபேலாவில் நிதின் மிட்டா இவங்களோட 'தீர்த்தா'. 2009இல் ஒஸ்கார் வென்ற 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்துக்கும் இவர்தான் இசை.

இதில என்ன பெரிய விசயம்? ப்ளூஸ், ஃபங்க், ஜாஸ் மூண்டும் கையிட்ட வேற வேற வேலை கேட்கும். ப்ளூஸில பெரும்பாலும் மூணு கோர்ட், பன்னிரண்டு பார். ஒரு சுரத்தை இழுத்து வளைக்கிறதிலதான் உயிர். ஃபங்க்ல கிட்டார் பாதி மேளம்: இடது கை கம்பியை அமத்தும், வலது கை தாளம் போடும், முதல் அடி தவறவே கூடாது. ஜாஸில கோர்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதோட சேர்ந்து அந்த நிமிசத்திலேயே புதுசா யோசிக்க வேணும்.

ப்ளூஸ்காரன் முதல்ல பழகுற அஞ்சு சுரமும் சுத்த தன்யாசியின் சுரங்கள்தான். அதுக்காக ரெண்டும் ஒண்டு இல்ல. ராகத்துக்குக் கமகம் என்ற தனி நடை இருக்கு. ப்ளூஸ் சுரம் நடுவில நழுவித்தான் அழும். ஒண்டை ஆழமாத் தெரிஞ்சவனுக்குத்தான் அந்த வித்தியாசம் காதில விழும். பிரசன்னாவின் பன்முகம் அந்த ஆழத்தில இருந்துதான் வருது. நாலு ஸ்டைலை நுனிப்புல் மேய்ஞ்சு இது வராது.

இப்ப எங்கட கதைக்கு வருவம். கோமாரியில இருந்து கொஞ்சத் தூரம் போனா அறுகம்பே. சீசன் வந்தா அங்க ராவைக்கு கிட்டார் சத்தம். நாங்களும் யூடியூபைப் பார்த்து அதே சோலோவை அப்படியே பிரதி எடுக்கிறம். ஆனா ப்ளூஸ் எங்க இருந்து வந்தது? வயல்லயும் வேலைத்தலத்திலயும் கறுப்பின அடிமைகள் பாடின பாட்டில இருந்து: ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, மற்றவங்க பதில் பாட. கரைவலை இழுக்கிற அம்பாப் பாட்டும் அதே அமைப்புத்தானே! பொல்லடிக்கும் றபானுக்கும் இருக்கிற தாளத்தை எங்கள்ல எத்தனை பேர் கிட்டாரில போட்டுப் பார்த்திருக்கிறம்?

ஹென்ட்ரிக்ஸைப் படிக்க வேணாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்லாப் படிங்க. அதோட, அம்பா தெரிஞ்ச பெரியாக்கள் இருக்கிற காலத்திலேயே போய்க் குந்தியிருந்து கேளுங்க. பிறகு ஒத்தைக் கம்பியில அதை வாசிச்சுப் பாருங்க. அவங்க போனாப் பிறகு அதை எந்த யூடியூபிலயும் தேடி எடுக்க ஏலாது.