150 கி.மீ. நிபந்தனை: பெங்களூருக்கும் ஒசூருக்கும் குறுக்கே நிற்கும் ஒப்பந்தம்

புது தில்லி: பெங்களூரின் கிழக்கே உள்ள ஜீவனஹள்ளியிலிருந்து எச்.ஏ.எல். விமான நிலையம் சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. ஆனால், அப்பகுதி மக்கள் சென்னைக்கோ தில்லிக்கோ விமானம் ஏற, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடந்து தேவனஹள்ளிக்குச் செல்ல வேண்டும். ஓடுபாதை இல்லாதது இதற்குக் காரணமல்ல. 2004-ல் கையெழுத்தான ஒப்பந்தமே காரணம்.

தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவுடன் 1940 டிசம்பரில் தொடங்கிய விமானத் தொழிற்சாலையோடு சேர்ந்து வளர்ந்தது எச்.ஏ.எல். விமான நிலையம். பின்னர் பயணிகள் சேவைக்கும் அதுவே பயன்பட்டது. தகவல் தொழில்நுட்பத் துறையின் வளர்ச்சியால் நெரிசல் பெருகவே, புதிய விமான நிலையம் தவிர்க்க முடியாததாயிற்று.

அதற்காக மத்திய அரசு, 2004 ஜூலையில் பெங்களூர் சர்வதேச விமான நிலைய நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2008 மே 24-ல் தேவனஹள்ளி நிலையம் செயல்படத் தொடங்கியதும், எச்.ஏ.எல். நிலையத்தில் வழக்கமான பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. சுமார் 3,300 மீட்டர் நீள ஓடுபாதை கொண்ட அந்நிலையம் இன்று பாதுகாப்புத் துறையின் சோதனைப் பயணங்கள், தனி விமானங்கள், முக்கியப் பிரமுகர்களின் வருகை ஆகியவற்றுக்கு மட்டுமே பயன்படுகிறது.

அதே ஒப்பந்தத்தின் மற்றொரு நிபந்தனை தமிழகத்தையும் பாதிக்கிறது. மைசூர், ஹாசன் தவிர, 150 கிலோமீட்டர் வான்வழித் தொலைவுக்குள் புதிய உள்நாட்டு விமான நிலையமோ, சர்வதேச விமான நிலையமோ 25 ஆண்டுகளுக்கு அனுமதிக்கப்படாது என்கிறது அது. இதன்படி 2033 மே மாதம் வரை தடை நீடிக்கும்.

ஒசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என 2024 ஜூனில் தமிழக சட்டப் பேரவையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அதற்கு முன்பே, ஒசூரிலிருந்து விமான சேவை கோரப்பட்டபோது, இந்த நிபந்தனையைத்தான் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சுட்டிக்காட்டியது.

நிபந்தனைக்கு அன்று நியாயம் இருந்தது. பெரும் முதலீடு செய்யும் தனியாருக்கு, பயணிகள் வருவார்கள் என்ற உறுதி தேவைப்பட்டது. இன்று நிலைமை வேறு. 2024-25-ல் தேவனஹள்ளி நிலையத்தைப் பயன்படுத்தியோர் எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டியது. இரண்டாவது ஓடுபாதை 2019-லும், இரண்டாவது முனையம் 2022-லும் திறக்கப்பட்டன. பெங்களூருக்கு இரண்டாவது விமான நிலையம் தேவை என்று கர்நாடக அரசே இடம் தேடியது. முதலீட்டைக் காக்க எழுதப்பட்ட நிபந்தனை, இப்போது போட்டியைத் தடுக்கும் வேலியாகிவிட்டது.

வேலியைத் தாண்ட வழியில்லாமல் இல்லை. ஹைதராபாத் விமான நிலையத்துக்கும் இதேபோன்ற 150 கி.மீ. பாதுகாப்பு உண்டு. ஆனால், அந்த நிலையத்தை நடத்தும் நிறுவனம் இசைவு தெரிவித்ததால், வாரங்கல் அருகே மாமுனூரில் உள்ள நிஜாம் காலத்து விமான நிலையத்தை மேம்படுத்த 2025-ல் மத்திய அரசு அனுமதி அளித்தது. பேச்சுவார்த்தை நடத்தினால் நிபந்தனை தளரும் என்பதற்கு இதுவே சான்று.

வாரங்கல் சிறிய சந்தை. ஒசூரோ பெங்களூரின் தெற்கு வாசலிலேயே இருக்கிறது என்பதால் இசைவு எளிதில் கிடைக்காது என்பது உண்மைதான். ஒசூர் வான்பரப்பைப் பயன்படுத்த பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒப்புதலும் தேவை. எனினும், தேவனஹள்ளி நிறுவனத்தில் மத்திய அரசின் விமான நிலைய ஆணையத்துக்கும் கர்நாடக அரசு நிறுவனத்துக்கும் சேர்த்து 26 சதவீதப் பங்கு உள்ளது. ஆகவே, இது தனியார் மட்டுமே முடிவு செய்யும் விஷயமல்ல.

நிலம் எடுத்து, அனுமதிகள் பெற்று, ஓடுபாதை அமைக்கவே பல ஆண்டுகள் ஆகும். 2033 வரை காத்திருந்து பணியைத் தொடங்கினால், ஒசூர் மக்கள் விமானம் ஏற மேலும் பல ஆண்டுகள் ஆகிவிடும். தடை இருப்பது விமான நிலையத்துக்குத்தான். பேச்சுவார்த்தைக்கும் ஆயத்தப் பணிகளுக்கும் அல்ல. அவற்றை இப்போதே தொடங்குவதுதான் தில்லியும் இரு மாநில அரசுகளும் செய்ய வேண்டியது.