பலித்தது எத்தனை, பொய்த்தது எத்தனை?

புனேயின் கோர்படியில் ரயில்வே லோகோ ஷெட் இருக்கிறது. பழுதான எஞ்சின் வந்தால், கோளாறு எங்கே என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். சொன்னவர் மூத்தவரா, படித்தவரா என்பது கடைசியில் எடுபடாது. அவர் சொன்னபடி சரிசெய்த பிறகு எஞ்சின் ஓடுகிறதா? அதுதான் தீர்ப்பு.

நம்பிக்கைகளுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். 1825ல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்தார். அதைப் பதிவு செய்த ஜான் வாரன், கணக்கின் பின்னால் உள்ள கோட்பாடு அவருக்குத் தெரியாது என்கிறார். ஆனாலும் கிரகணம் வந்தது. பிழை, தொடக்கத்தில் 4 நிமிடம். முடிவில் 52 நிமிடம். பிழையை அளக்க முடிந்ததே அந்தக் கணக்கின் பெருமை.

அதே பஞ்சாங்கத்தை வைத்துத்தான் ஜாதகமும் எழுதுகிறார்கள். அதற்குப் புனேயில் 2008ல் ஒரு பரீட்சை நடந்தது. வானியலாளர் ஜெயந்த் நார்லிகர், மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் நரேந்திர தபோல்கர் உள்ளிட்டோர் 200 ஜாதகங்களைத் திரட்டினார்கள். 100 ஜாதகங்கள் படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளுடையவை. 100 அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுடையவை. ஜோதிடருக்கு ஆளுக்கு 40. எது எந்த வகை என்று சொன்னால் போதும். 27 பேர் விடை அனுப்பினார்கள். சரியாக இருந்தது 46 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே பாதி தேறும்.

'மனதுக்கு ஆறுதல் தருகிறதே, அது பயன் இல்லையா?' என்று கேட்பார்கள். பயன்தான். ஆனால் ஆறுதல் ஒருவருக்கு, விலை இன்னொருவருக்கு. 'பெண் மூலம் நிர்மூலம்' என்று ஒரு பெண்ணின் ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு நிம்மதி. அவளுக்கு? மூல நட்சத்திர மருமகள் வந்த வீடுகளில் மாமனார்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்களா என்று கணக்குப் பார்த்துவிட்டா அனுப்பினார்கள்?

கணக்குக் கேட்பது நம் ஊரில் சாதாரண விஷயமும் அல்ல. தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அடுத்தவர் வாழ்க்கையை நிறுத்தும் அளவுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டால், ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: இதுவரை பலித்தது எத்தனை, பொய்த்தது எத்தனை? பதில் சொல்லாதவரின் பேச்சைக் கேட்டுக் கல்யாணத்தை நிறுத்தாதீர்கள்.