பதின்மர் ரக்பி முன்னே வரட்டும்

பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் கூடி அமைத்த சங்கம் கோப்ரா. அந்தச் சங்கத்தை மையமாகக் கொண்டு, 1960களின் பிற்பகுதியில் மலேசியாவில் உருவெடுத்தது பத்துப் பேர் ஆடும் ரக்பி. கோப்ரா நடத்திய போட்டியில் ஆடப் பசிபிக் தீவுகளிலிருந்தெல்லாம் அணிகள் வந்தன. இந்த ஆட்டத்துக்கென உலக ரக்பி அமைப்பு தனி விதிமாற்றங்களையே வகுத்திருக்கிறது. ஆனால் இங்கே ரக்பி என்று வாயெடுத்தால் பேச்சு எழுவர் ஆட்டத்துக்குத்தான் போகிறது.

காரணம் ஊரறிந்தது. எழுவர் ரக்பியை ஒலிம்பிக்கில் சேர்ப்பதென்று 2009-இல் முடிவாகி, 2016-இல் ரியோவில் அரங்கேறியது. பல நாடுகளில் மானியமும் பயிற்சியும் அந்தப் பக்கம் சாய்ந்தன. அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. எனினும் ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூன்றிலும் ஆண்கள் பிரிவில் ஆசியாவிலிருந்து ஆடியவை ஜப்பானும் தென்கொரியாவும் மட்டுமே. மலேசியா ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. அந்தக் கனவு இருக்கட்டும். அதை மட்டுமே நம்பித் திடலைக் காலியாக வைத்திருக்க முடியாது.

எழுவர் ஆட்டம் ஓட்டக்காரர்களுடையது. தோள் அகன்ற, கால் கனத்த பையனுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. பதின்மரில் ஐவர் முன்வரிசை ஆட்டக்காரர்கள், ஐவர் பின்வரிசை. ஸ்க்ரம் கட்டும்போது மூவர் தலை கொடுத்துக் குனிய, இருவர் பின்னாலிருந்து தோளால் முட்டுக்கொடுக்கிறார்கள். பந்து வெளியே வந்ததும், பதினைந்து பேருக்கென அளந்த அதே திடலில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்தான். அந்தக் கனத்த பையன் கையில் பந்து கிடைத்து எதிரே ஒரே ஒருவன் நிற்கும் அந்த நொடிக்காகவே டிக்கெட் வாங்கலாம்.

பாதிக்குப் பத்து நிமிடம், மொத்தம் இருபதுதான். பிற்பகல் மூன்று மணி வெயிலில் எண்பது நிமிட ஆட்டம் என்ன செய்யும் என்பது நம் பள்ளித் திடல்களில் நின்றவர்களுக்குத் தெரியும். முழு ஆட்டத்துக்கு மாற்று வீரர்களோடு 23 பேர் வேண்டும். ஸ்க்ரமின் முதல் வரிசையில் நிற்கப் பழகியவர்கள் அதில் இல்லாமல் தீராது. சிறு நகரத்து இடைநிலைப்பள்ளி அத்தனை பேருக்கு எங்கே போகும்?

மூன்று வகை ஆட்டம் வைத்தால் வீரர் பலம் சிதறும் என்பார்கள். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. பதினைந்து பேர் அணிக்கு வேண்டிய ஸ்க்ரம் ஆட்களை எழுவர் ஆட்டம் உருவாக்கித் தராது, பதின்மர் தரும். வேகக்காரன் இங்கிருந்து எழுவருக்கும் தாராளமாகப் போகலாம்.

அதற்காக இதைப் பெரிய வணிகக் காட்சியாக்க வேண்டியதில்லை. பிரிஸ்பேனில் அதைச் செய்து பார்த்தார்கள். சூப்பர் ரக்பி அணிகளையே இறக்கி 2017-இலும் 2018-இலும் நடத்திய உலகப் பதின்மர் போட்டி அத்தோடு நின்றுபோனது. ஹாங்காங்கில் கதை வேறு. அங்கே ஒரு கால்பந்து கிளப், புகழ்பெற்ற எழுவர் போட்டிக்கு முந்தைய நாள்களில் தன் திடலிலேயே பதின்மர் போட்டியை வைத்துக்கொள்கிறது. அது பல்லாண்டுகளாக நிலைத்திருக்கிறது. கிளப்பும் பள்ளியும் தாங்கிப் பிடிக்கும்போதுதான் இந்த ஆட்டம் ஓடுகிறது.

ஆகவே எங்கள் கோரிக்கை பெரிய பட்ஜெட் கேட்பதல்ல. பள்ளி, மாவட்ட அட்டவணைகளில் பதின்மர் ரக்பிக்கு எழுவருக்கு இணையான இடம் வேண்டும். பெண்கள் பிரிவும் முதல் ஆண்டிலிருந்தே சேர வேண்டும். 'பிறகு பார்க்கலாம்' என்பது இங்கே பழகிப்போன பதில். விளையாட்டு அமைச்சு மானியம் கொடுக்கும்போது பதக்க வாய்ப்பை மட்டும் பார்க்காமல், எத்தனை பிள்ளைகள் திடலில் இறங்கினார்கள் என்றும் கேட்க வேண்டும். ஆசியக் கிளப்புகளுக்கான பதின்மர் வாகையர் போட்டியை மலேசிய ரக்பி அமைப்பே முன்மொழிந்து, முதல் ஆண்டுப் போட்டியைப் பெட்டாலிங் ஜெயாவில் நடத்த முன்வர வேண்டும்.