முழுசாக் கேட்க ஆள் இல்லை

ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும், அவங்க வச்ச வரிசையிலேயே, நடுவில் யாரும் குறுக்கே வராமல் கேட்கணும். அவ்வளவுதான் என் ஆசை. இது ஒரு பெரிய ஆசையா? தென்காசியில் இருந்துக்கிட்டு இதுக்கு நான் படுகிற பாடு இருக்கே, சொன்னா நம்ப மாட்டீங்க.

முதல்ல இந்த ஸ்பாட்டிஃபை ஆப். காசு கட்டாதவனுக்கு அது ரொம்ப நாள் வரிசையாப் பாடாமலே இருந்தது. ஏழாவது பாட்டை முதல்ல போடும், ரெண்டாவதைத் தூக்கிக் கடைசியில் வைக்கும், நடுவில் சம்பந்தமே இல்லாத யாரையோ கொண்டுவந்து நுழைக்கும். ஒரு பாட்டு ஆவேசமாக் கத்தி ஓய்ஞ்சு, கிடார் மட்டும் தனியா முனகிக்கிட்டு அடுத்த பாட்டுக்குள்ள மெல்ல இறங்குது. மனசும் கூடவே இறங்குது. சரியா அந்த இடத்தில் சோப்பு விளம்பரம். யார்கிட்டப் போய்ச் சொல்ல? 2021இல் அடீல் ‘30’ ஆல்பத்தை வெளியிட்டப்ப, ஆல்பத்தைத் திறந்ததும் வரிசையைக் கலைக்கிற ஷஃபிள் பட்டன் முன்னாடி வந்து நிற்கக் கூடாது, பாட்டுகளுக்கு ஒரு வரிசை இருக்குன்னு கேட்டாங்க. ஸ்பாட்டிஃபை மாத்துச்சு. ப்ரீமியம் கட்டினவங்களுக்கு மட்டும். உலகமே அறிஞ்ச பாடகி வாய் திறந்து கேட்க வேண்டியிருந்தது, பாட்டை வரிசையாப் போடுங்கன்னு. அப்போ பேர் தெரியாத பேண்டுகளோட கதி என்ன?

நான் முழுசாக் கேட்க நினைச்ச ஆல்பம் ‘ரீசர்ஃபேஸ்’. மும்பையில் காடெஸ் கேக்ட்னு ஒரு பேண்ட். 2011இல் வந்த அவங்களோட முதல் முழு ஆல்பம். போஸ்ட் ஹார்ட்கோர்னு ஒரு வகை. கேள்விப்படாதவங்களுக்குச் சொல்லிடறேன். எண்பதுகளின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஹார்ட்கோர் பங்க்னு ஒண்ணு இருந்தது. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷப் பாட்டு. ஒரே வேகம், ஒரே கோபம். அந்தப் பையன்களில் சிலருக்கு அது போதலை. கோபம் இருக்கட்டும், அதுக்குள்ள அழுகையும் இருக்கே, குழப்பமும் இருக்கே, அதையெல்லாம் எங்க வைக்கிறதுன்னு தேடினாங்க. 1985இல் வாஷிங்டனில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்னு ஒரு பேண்டின் முதல் ஆல்பம் வந்தது. அந்த வாசலைத் திறந்தவங்களில் முக்கியமானவங்க அவங்க. அதில் பாடின கை பிச்சியாட்டோ பிற்பாடு ஃபுகாஸியில் சேர்ந்தார். 1990இல் ஃபுகாஸியின் முதல் முழு ஆல்பம் ‘ரிப்பீட்டர்’ வந்தது. அந்த பேண்ட், கச்சேரிக்கு டிக்கெட் அஞ்சு டாலருக்கு மேல போகக் கூடாது, எந்த வயசுக்காரரும் உள்ளே வரலாம்னு பிடிவாதமா நின்னது. கேட்க வர்றவனை மதிக்கிறதுன்னா அதுதான்.

அந்த விதை மும்பை வரைக்கும் வந்து முளைச்சிருக்கு பாருங்க. ‘ரீசர்ஃபேஸ்’ கேட்டா சித்தார்த் பஸ்ரூர் இனிமையாப் பாடுறார், திடீர்னு உடைஞ்சு கத்துறார், திரும்ப இனிமைக்கே வர்றார். தேவேஷ் தயாலும் ஆர்மான் மென்சிஸும் ரெண்டு கிடாரை ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னுறாங்க. நாலு பாட்டு மட்டும் உள்ள இ.பி.ங்கிற குட்டி ஆல்பம் ஒண்ணைப் போட்டுட்டுப் பேர் வாங்கி ஒதுங்கியிருக்கலாம். இல்லை, முழு ஆல்பம்தான்னு இறங்கினாங்க. அது லேசுப்பட்ட காரியமா? முதல்ல வேகம் மாறாமல் இருக்க க்ளிக் டிராக்கைக் காதில் மாட்டிக்கிட்டு டிரம்ஸ் வாசிக்கணும். கிக்குக்கு ஒரு மைக், ஸ்நேருக்கு ஒண்ணு, டாமுக்கு ஒண்ணு, சிம்பலுக்கு மேல ரெண்டு. அப்புறம் பேஸ். அப்புறம் கிடார், அடுக்கடுக்கா. கடைசியில் குரல். ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை. மிக்ஸிங், மாஸ்டரிங். அதுக்கப்புறம் உட்கார்ந்து, எது முதல் பாட்டு, எது கடைசி, எங்க மூச்சு விட இடம் தரணும்னு நாள் கணக்கா யோசிப்பாங்க. இத்தனையும் பண்ணி நம்ம கையில் கொடுத்தா, நாம அதைக் கலைச்சுப் போட்டு, ஒரு பாட்டில் இருபது செகண்ட் கேட்டுட்டு விரலால் தள்ளிவிட்டுடறோம்.

டீக்கடையில் ஒரு நாள் போனில் இந்த ஆல்பத்தைப் போட்டேன். கடை அண்ணாச்சி கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கிட்டே, “என்ன தம்பி, இது பாட்டா? எவனோ வயித்துவலிக்காரன் கத்துற மாதிரில்லா இருக்கு. மாத்துங்க, ஆள் டீ குடிக்க வரணும்லா”ன்னார். எனக்குச் சுருக்குன்னு தைச்சது. ஏன்னா இதே அண்ணாச்சி அவங்க ஊர் சுடலைமாடன் கொடைக்கு ராத்திரி முழுக்கக் கணியான் கூத்துக்கு உட்காருவார். உச்சம், மந்தம்னு ரெண்டு மகுடம்ங்கிற பறை அடிக்க, அண்ணாவி தொண்டை கிழியக் கதை பாட, சாமி வந்து ஆடுற நேரத்தில் சத்தம் உச்சிக்குப் போகும். அப்போ யாராவது “இது பாட்டா”ன்னு கேட்டா விடுவாரா? கத்துறதுக்குள்ளயும் சுதி இருக்கு, தாளம் இருக்கு, வேதனை இருக்குன்னு நம்ம சீமையில் உள்ளவங்களுக்கு யாராவது சொல்லித்தரணுமா? நெல்லை, தென்காசிப் பக்கத்துக் காதுக்குப் பிறவியிலேயே தெரிஞ்ச விஷயம் இது. அந்தக் காது எங்க போச்சு?

முழு நீளம்னு சொன்னா இன்னும் வயிறெரியுது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரம்தான் திரிகூடராசப்பக் கவிராயர் ஊர். அவர் பண்ணினது என்ன, ஒத்தைப் பாட்டா? குற்றாலக் குறவஞ்சி முழுசா ஒரு இசை நாடகம். குற்றாலநாதர் பவனி வர்றதில் ஆரம்பிச்சு, வசந்தவல்லி மையல் கொண்டு ஏங்கி, குறத்தி சிங்கி வந்து மலைவளம் சொல்லிக் கை பார்த்துக் குறி சொல்லி, அப்புறம் அவ புருஷன் சிங்கன் பறவை பிடிக்க வந்து அவளைத் தேடி அலைஞ்சு, இவ்வளவும் ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு. விருத்தம், கண்ணி, கீர்த்தனைன்னு நடை மாறிக்கிட்டே போகும். ஏக்கத்திலிருந்து கேலிக்குத் தாவும். வரிசையைக் கலைச்சா கதையே போச்சு. மதுரை நாயக்க மன்னர் அதுக்கு மதிப்புக் கொடுத்து நிலம் தந்தார். அந்த இடத்துக்குக் குறவஞ்சி மேடுன்னே பேர். அதே மாதிரி சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினப்ப ஊத்துமலை ஜமீன் பின்னால நின்னது. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்தப்ப ராஜாஜியும் கல்கியும் வந்து உட்கார்ந்து கேட்பாங்க. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்தி, ருசி காட்டுவார் மனுசன். பாட்டுக்கு உட்கார்ந்து காது கொடுக்கிற ஊரா இது இருந்திருக்குங்க!

இப்போ சீசன்ல குற்றாலம் போய்ப் பாருங்க. சாரல் அடிக்குது, மெயின் அருவி ஒரு சத்தம் போடுது, அந்தச் சத்தத்தைக் கேட்கவாவது விடுறாங்களா? வேன்ல ஒரு சப்வூஃபர், ஜீப்புல ஒரு சப்வூஃபர், சிப்ஸ் கடை வாசல்ல ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். எல்லாத்திலயும் ஒரே நாலு சினிமாப் பாட்டு, அதுவும் பாதிப் பாதி. ஒருத்தர்கூடக் கேட்கலை. எல்லாரும் போட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

என் தங்கச்சி மகன் பேஸ் வாசிக்கிறான். சோட்டுப் பையன்களைச் சேர்த்துக்கிட்டு ஒரு பேண்ட். ஒருத்தன் சீசன்ல மங்குஸ்தானும் ரம்புட்டானும் விக்கிற கடையில் நின்னு சம்பாதிக்கிறான், ஒருத்தன் ஆட்டோ ஓட்டுறான். அந்தக் காசில் பழைய டிரம் செட் ஒண்ணு வாங்கி, ஒரு ஷட்டர் கடையை வாடகைக்குப் பிடிச்சு, சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கானுங்க. முட்டை அட்டை எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே ஒழிய, சத்தம் வெளியே போகிறதை நிறுத்தாது. வெளியே போச்சு. பக்கத்து வீட்டிலிருந்து புகார் போச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு, ராத்திரித் தடை ஆரம்பிக்காத நேரத்தில், ஷட்டரை இறக்கச் சொல்லிட்டாங்க.

2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்துக்குன்னு வருஷத்தில் பதினைஞ்சு நாளுக்கு மிகாமல், அதுவும் நடுராத்திரி பன்னிரண்டு வரைக்கும் மட்டும், அரசாங்கம் தளர்வு கொடுக்கலாம். இது சட்டம். ஆனா காதுகுத்துக்கு விடிகாலை நாலரைக்குக் குழாய் ஸ்பீக்கர் அலறுது, கட்சிக் கூட்டத்துக்கு ரோட்டை மறிச்சுப் பெட்டி அடுக்குறாங்க. அதெல்லாம் சத்தம் இல்லையாம். சொந்தமா எழுதி, சொந்தமா மெட்டுப் போட்டு, கைக்காசைப் போட்டு வாசிக்கிற பிள்ளைங்க மட்டும்தான் சத்தமாம். எந்த ஊர் நியாயம் இது?

ஒரு மேடை கிடைச்சது. ஒரு கல்லூரி விழா. “ரெண்டு சினிமாப் பாட்டு போட்டுருங்க தம்பி, அப்புறம் வேணும்னா உங்க பாட்டு ஒண்ணு”ன்னாங்க. போட்டாங்க. சொந்தப் பாட்டு ஆரம்பிச்சு, மெதுவான பகுதி முடிஞ்சு, கத்துற இடம் வந்ததும் மைக்கைக் கட் பண்ணிட்டாங்க. “மாமா, அந்தப் பாட்டுக்கு அந்த இடம்தான் உசுரு”ன்னு பையன் வீட்டுக்கு வந்து சொன்னப்ப எனக்கு என்ன சொல்லித் தேற்றணும்னு தெரியலை. ஸ்வீடன்ல இருந்து வந்த ரெஃப்யூஸ்ட் பேண்டுக்கும் 1998இல் இதேதான் நடந்தது. அமெரிக்காவில் ஹாரிஸன்பர்க்ங்கிற ஊரில் ஒரு வீட்டு அடித்தளத்தில் வாசிச்சுக்கிட்டிருக்கும்போது போலீஸ் வந்து நிறுத்திட்டாங்க. அப்போதைக்கு அதுதான் அந்த பேண்டோட கடைசிக் கச்சேரி. அதே வருஷம் அவங்க போட்ட ஆல்பத்தைத்தான் இன்னைக்கு உலகம் முழுக்கத் தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்க. கொண்டாட்டம் பிற்பாடு வந்து என்ன பிரயோசனம்?

சினிமா இல்லாத இசையே நமக்கு ஆகாதான்னா அப்படியும் இல்லை. இளையராஜா 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ போட்டார், 1988இல் ‘நத்திங் பட் விண்ட்’. கேசட்டைத் திருப்பிப் போட்டு முழுசாக் கேட்ட தலைமுறை இன்னும் உயிரோட இருக்கு. 2018இல் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு ஒரு பேண்ட் மேடை ஏறினப்ப ஜனம் நின்னு கேட்டது. ஆனா அது சென்னை. பின்னால சினிமா டைரக்டர் பா. ரஞ்சித் இருந்தார். நம்ம பிள்ளைங்களுக்கு யார் இருக்கா? ரெக்கார்டிங் முடிச்சுட்டு வந்தா, சொந்தக்காரங்களே “ரீல்ஸுக்கு முப்பது செகண்ட் வெட்டி அனுப்புடா, பார்க்கலாம்”ங்கிறாங்க. அந்த முப்பது செகண்ட்தான் எல்லாத்தையும் கெடுத்தது. முப்பது செகண்ட் ஓடினாத்தான் ஸ்பாட்டிஃபையில் ஒரு தடவை கேட்டதாக் கணக்கு. அதனால மெல்ல ஆரம்பிச்சு ஆறு நிமிஷம் வளர்கிற பாட்டு ஆரம்பத்திலேயே தோத்துப்போகுது. 2024லிருந்து, பன்னிரண்டு மாசத்தில் ஆயிரம் தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குக் காசே கிடையாதுன்னும் ஆக்கிட்டாங்க. முதல் ஆல்பம் போடுற சின்ன ஊர்ப் பையனுக்கு ஆயிரம்ங்கிறது எவ்வளவு தூரம்னு யோசிச்சுப் பாருங்க.

காடெஸ் கேக்ட்டில் இருந்த தேவேஷ் தயாலும், பேஸ் வாசிச்ச கிருஷ்ணா ஜவேரியும் ஸ்கைஹார்பர்ங்கிற பேண்டுக்குப் போய் அங்க பேர் வாங்கினாங்க. அவங்க திறமை அவங்களைக் காப்பாத்துச்சு, சந்தோஷம். ஆனா இந்த மாதிரி முழு மூச்சா முதல் ஆல்பம் போட்டுட்டு, கேட்க ஆள் இல்லாமல் வேலைக்குப் போய் ஒதுங்கின பேண்டுகள் இந்த நாட்டில் எத்தனையோ. தப்பு அவங்க பாட்டில் இல்லை. நாப்பது நிமிஷம் உட்கார மனசில்லாத நம்மகிட்டத்தான்.

தங்கச்சி மகனோட ஆல்பம் இன்னும் முடியலை. ஷட்டர் கடையைக் காலி பண்ணிட்டு ஊருக்கு வெளியே இடம் தேடிக்கிட்டிருக்காங்க. அது வரும்போது வரட்டும். அதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். ‘ரீசர்ஃபேஸ்’ஸோ, உங்க தெருப் பையன் போட்ட முதல் ஆல்பமோ, எதுவா இருந்தாலும் ஷஃபிளை அணைச்சுட்டு முதல் பாட்டிலிருந்து கேளுங்க. பிடிக்கலைன்னா தாராளமாத் திட்டுங்க. முழுசாக் கேட்டுட்டுத் திட்டுங்க.