சுரக்குடிக் கொட்டகையில் ஒரு ஹெரால்டு



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று நான்கு பக்கம் நீண்டிருந்தது. காரைக்காலை அடுத்த சுரக்குடியிலிருந்து ஒரு சகோதரர் எழுதியிருந்தார். மர்ஹூம் வாப்பா 1969-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஆறு ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறதாம். பிரான்சில் இருக்கும் மூத்தவர் அதை இரும்புக் கடைக்குக் கொடுத்து இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார். உம்மாவோ காரைத் தொடக்கூடாது என்கிறார். "நடுவில் நிற்பவன் நான். விற்பதா, ஓட்டுவதா?" என்பது கேள்வி.

பாகப்பிரிவினை, கடன், மகளின் படிப்பு என்று எத்தனையோ கேள்விகள் இப்பகுதிக்கு வந்திருக்கின்றன. காரைப் பற்றிய கேள்வி இதுவே முதல். நானும் பதினெட்டு ஆண்டுகள் ஒரு ஹெரால்டை வைத்துக் காப்பாற்றியவன். ஆகவே கடிதத்தில் பதில் எழுதி முடித்துவிட மனம் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் நேரில் போய்ப் பார்த்தேன்.

கார் நின்றுபோன கதையை உம்மா சொல்ல விரும்பவில்லை, மகன்தான் சொன்னார். நாகூரிலிருந்து திரும்பிக் கொண்டிருந்தார்களாம். பின் இருக்கையில் உம்மாவும், மகனின் ஐந்து வயதுப் பெண்ணும். நெடுஞ்சாலை முழுவதும் நன்றாக ஓடிவந்த கார், வீட்டுத் தெருவுக்குள் மெல்லத் திரும்பியபோது இடது முன்சக்கரம் கால் ஒடிந்த ஆட்டைப்போல் உள்ளே மடங்கி விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் கால் மணி நேரத்துக்கு முன்பு, லாரிகளுக்கு நடுவே அதே சக்கரம் மடங்கியிருந்தால்? அந்தக் கேள்விதான் மகனை ஆறு ஆண்டுகள் கொட்டகைப் பக்கமே போகவிடாமல் செய்திருக்கிறது. அவரைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன்.

ஏன் மடங்கியது என்பதைச் சொல்லுமுன் இக்காரைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். இளைய வாசகர்கள் இதைப் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

நம் நாட்டில் கார் என்றால் மூன்றே மூன்று என்றிருந்த காலம் ஒன்று உண்டு. கல்கத்தாவின் அம்பாசிடர், பம்பாயின் பியட், சென்னையின் ஸ்டாண்டர்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூருக்கு அருகே தொழிற்சாலை வைத்து 1961-இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். உருவம் கொடுத்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். எஞ்சின் 948 சி.சி. அங்கே கடைசிவரை இரண்டு கதவுகளோடு ஓடிய அந்த உருவத்துக்கு நான்கு கதவுகள் வைத்த பெருமை நம் சென்னைக்கே உரியது. பிள்ளைகளும் பெரியவர்களுமாக ஏறி இறங்கும் நம் குடும்பங்களின் தேவை அப்படி. பின்னர் கெசல் வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொழிற்சாலையே மூடப்பட்டது. அம்பாசிடர் 2014 வரை வந்துகொண்டிருந்ததால் அதற்கு இன்றும் உதிரிப்பாகம் கிடைக்கிறது. ஹெரால்டுக்காரர்தான் அநாதை.

இக்காரில் ஒரு விந்தை உண்டு. கூடு முழுவதையும் ஒரே வார்ப்பாகச் செய்து தந்துவந்த ஆலையை அங்கே போட்டி நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது. அதனால் சேசிஸைத் தனியாகச் செய்து, அதன்மேல் கூட்டைத் துண்டு துண்டாக போல்ட்டுப் போட்டு முடுக்கும்படி அமைத்தார்கள். நெருக்கடியில் பிறந்த அந்த ஏற்பாடு பழுது பார்ப்பவனுக்கு வரமாகிவிட்டது. முன்பகுதி முழுவதும், மட்கார்டு விளக்கு எல்லாவற்றோடும், ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். முன் டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை செய்யலாம். முதுகு வலிக்காத கார் இது ஒன்றுதான் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த முதியவர் சொல்லுவார். முன்சக்கரங்கள் வெகுவாக ஒடியும். இருபத்தைந்து அடி அகலம் இருந்தால் முழு வட்டம் அடித்துத் திரும்பிவிடும். காரைக்கால் தெருக்களில் இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது அங்கே கார் ஓட்டியவருக்குத் தெரியும்.

இனி அந்தச் சக்கரத்துக்கு வருவோம்.

முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அம்மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் புகுந்து நிற்கும். ட்ரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த வெண்கலத்துக்குள் திருகாணிபோல் சுழலும். இதற்குப் போடவேண்டியது கியர் பெட்டிக்கு ஊற்றும் 90 எண் எண்ணெய். கிரீஸ் அல்ல! அம்பாசிடரில் பழகிய கை கிரீஸ் துப்பாக்கியைத்தான் தேடும். சர்வீசுக்கு விட்டால் பளபளவென்று கிரீஸ் ஏற்றித் தருவார்கள், நாமும் மகிழ்ச்சியோடு பணம் கொடுப்போம். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. மேலே பிசுபிசுப்பு, உள்ளே வறட்சி. வறண்ட இடத்தில் மழைநீர் தேங்கும்; துருப்பிடிக்கும்; தண்டு இறுகும்; ஒவ்வொரு திருப்பமும் அதை முறுக்கும். ஒருநாள் மரைக்குச் சற்று மேலே ஒடிந்துபோகும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதே ஒடியும் என்பது நாம் பெற்ற கருணை.

சுரக்குடிக் காரின் ஒடிந்த தண்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். வெளிச்சத்தில் பார்த்தேன். முறிந்த முகத்தில் பாதிக்குமேல் பழைய கருந்துரு. மீதி மட்டுமே புதிய முறிவு. அதாவது அந்த நாகூர்ப் பயணத்துக்கு நெடுநாள் முன்பிருந்தே கார் பாதித் தண்டில் ஓடியிருக்கிறது. மகன் முகம் வெளுத்துப்போனார். வருடந்தோறும் தவறாமல் சர்வீஸ் செய்த பட்டறையின் பெயரைச் சொன்னார். அது நமக்கு வேண்டாம். அவர்கள் ஏமாற்றவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் செய்தார்கள். நானும் என் காருக்கு முதல் மூன்று ஆண்டுகள் கிரீஸ்தான் போட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே சகோதரரே, உங்கள் கேள்விக்கு என் விடை: ஓட்டலாம். ஆனால் எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கும் ஆசையை முதலில் அடக்குங்கள். ஆறு ஆண்டு நின்ற காரில் சாவியைத் திருகுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். அதற்கும் முன்னால் பிரேக். இக்காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் குழாய் வழிதான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயின. ரப்பர் குழாய்களையும் சக்கர சிலிண்டர் ரப்பர்களையும் பார்த்து ஆராய வேண்டியதே இல்லை, அத்தனையையும் மாற்றுங்கள்.

பிறகு துரு. கடற்காற்று அடிக்கும் ஊர் உங்களுடையது. கூடு பளபளப்பாக இருக்கிறது. உம்மா வாரந்தோறும் துடைக்கச் செய்கிறார். ஆனால் நான் படுத்துப் பார்த்தது அடியில். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தாம் கூட்டைத் தாங்குகின்றன. இடப்பக்கம் பின் கதவுக்குக் கீழே உள்ள கையில் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன்; அப்பளம்போல் உள்ளே போனது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். நல்ல வெல்டர் இருந்தால் இரண்டு நாள் வேலை. ஒரு எச்சரிக்கை: வெட்டுமுன் கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துக் கூட்டைக் கட்டிவிடச் சொல்லுங்கள். இல்லையேல் கூடு தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் வாழ்நாளில் சரியாக மூடாது. பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடுவதை இன்றே நிறுத்துங்கள். ஐப்பசி மழையின் ஈரத்தை அது உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய பருத்திப் புடவைகள் போதும்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. இப்போது பங்குகளில் கிடைப்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பரைத் தின்னும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள குழாய்களையும், பெட்ரோல் பம்பின் ரப்பர்த் தகட்டையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப் போவதாக இருந்தால் டாங்கை வடித்துவிடுங்கள்.

ஓட்டும்போது ஒன்றை மறக்கவேண்டாம். பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஊசலாடும் அமைப்பு இது. வேகமாக வளைவில் புகுந்து நடுவில் பயந்து பிரேக் அடித்தால் பின்பகுதி எழும்பிச் சக்கரம் உள்ளே மடியப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பின்னால் ஐந்து பேரை அடைத்தால் சக்கரங்கள் இரண்டும் தவளைக் கால்போல் பரந்து டயரின் உள்விளிம்பைத் தின்றுவிடும். இந்தத் தொல்லையால்தான் கெசலில் சாதாரண அச்சுக்கே திரும்பினார்கள்.

பதிவுச் சான்றின் தவணையும் காலாவதியாகியிருந்தது. சிலர் உங்களிடம் விண்டேஜ் என்று பதிந்துகொள்ளச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2021-இல் வந்த விதி அது. ஐம்பது ஆண்டு கடந்து, உருவம் மாறாத வண்டிகளுக்குப் பத்தாண்டு பதிவு தருவார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் தெருவில் ஓட்ட அனுமதியில்லை. உம்மாவை நாகூருக்கு அழைத்துப்போவது கண்காட்சியில் சேராது! சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். நின்ற காலத்துக்கான அபராதம் தனி. வலிக்கத்தான் செய்யும்.

மொத்தச் செலவைக் கூட்டி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இத்தொகைக்கு ஓடும் நிலையிலுள்ள பழைய மாருதி ஒன்று வாங்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. பெண்ணின் பள்ளிக் கட்டணம் பாக்கி இருக்கும் வீடாக இருந்திருந்தால் இரும்புக் கடைக்கு வழி சொல்லியிருப்பேன். இந்த வீட்டில் அப்படி இல்லை.

அப்போதுதான் அதுவரை பேசாதிருந்த உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்கள்: "தம்பி, அந்த எண்ணெயை ஊத்திட்டா மறுபடி ஒடியாதா? பேத்தியை ஏத்தலாமா? அதை மட்டும் சொல்லுங்க. எனக்காக ஓட்ட வேணாம்."

இரண்டு பக்கத் தண்டையும் வெண்கலக் கட்டையையும் புதிதாகப் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலே கசியும்வரை எண்ணெய் ஏற்றினால் என் பேத்தியை நான் ஏற்றுவேன் என்றேன். வலப்பக்கம் ஒடியவில்லையே என்று அதை விட்டுவைக்கக் கூடாது. அதுவும் அதே கிரீஸைத் தின்று வளர்ந்ததுதான்.

இத்தண்டுகள் இங்கே கிடைப்பது அரிது. ஆனால் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற காருக்கும் முன்சக்கர அமைப்பு இதுவேதான். அக்கார் 1980 வரை வந்தது; அதன் அபிமானிகள் அங்கே ஏராளம். ஆகவே இவற்றைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அளவெடுத்து, படம் பிடித்து, பிரான்சிலிருக்கும் மூத்தவருக்கு அனுப்பச் சொன்னேன். ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்றும் எழுதச் சொன்னேன்.

போன வாரம் தொலைபேசியில் சுரக்குடியிலிருந்து அழைப்பு. இரும்புக் கடைக்குப் போடச் சொன்ன அதே நானா, இன்ஷா அல்லாஹ், அடுத்த மாத விடுமுறையில் வரும்போது இரண்டு தண்டையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறாராம். எடை கூடிவிட்டதால் தம்பிக்கென்று வாங்கிய அத்தரில் பாதியை எடுத்து வைத்துவிட்டாராம். எது இடது, எது வலது என்று பெட்டியின்மேல் பேனாவால் எழுதியிருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.